ஈழத்திலே டி.டி.ரி.: அளந்தவையும் அளக்காதவையும்

ஈழநாட்டின் இருபதாம் நூற்றாண்டு வரலாற்றிலே 1946ஆம் ஆண்டு தனியிடம் பெறுவதாகும். அரசியல் வரலாறு எழுதுவோர் அதனைச் சோல்பரி யாப்பின் ஆண்டென்று குறித்து அப்பாற் செல்வர். குடிசைகளில் வாழ்ந்த மக்களின் வரலாற்றை எழுதப் புகுவோன் அவ்வாண்டிலே வேறொரு நிகழ்ச்சியைக் காண்பான். தெளிகருவி சுமந்த தொழிலாளர் ஊரூராய்ச் சென்று, மண் சுவரென்றும் கல் வீடென்றும் பாராது, வீடுகளின் உட்புறத்திலே டி.டி.ரி. என்னும் பூச்சிநாசினியைத் தெளிக்கத் தொடங்கிய ஆண்டு அது. போர்க்காலத்திலே படையினர் தங்கிய இடங்களில் முதலிற் சோதிக்கப்பெற்ற அம்மருந்து அவ்வாண்டு முதல் நாடு முழுவதற்கும் உரியதாயிற்று. அதனால் எத்தனை நோயாளர் குறைந்தனர் என்பதற்குக் கணக்கு உண்டு. அம்மருந்து மண்ணிலும் மீனிலும் தாய்ப்பாலிலும் எவ்வளவு தங்கியது என்பதற்கு அக்காலத்துக் கணக்கைத் தேடுவோன் பெரும்பாலும் வெறுங்கையுடனேயே திரும்புவான். இவ்விரு கணக்குகளுக்கும் இடையிலுள்ள வேறுபாடே இக்கட்டுரையின் பொருளாகும்.

மலேரியா நம் நாட்டிற்குப் புதிய விருந்தாளி அன்று. குளமும் அதனைச் சார்ந்த ஊருமாக விளங்கிய வறண்ட வலயத்து நாகரிகம் காடாய்ப் போனமைக்கு இந்நோயே காரணம் என்றாரும் உளர். நோய் காரணமோ, அன்றிக் குளங்கள் உடைந்தபின் வந்த விளைவோ என்பது இன்னும் தீராத வழக்கு. வன்னிக்குப் போதல் காய்ச்சலுக்குப் போதல் என்றே யாழ்ப்பாணத்து முதியோர் கருதிய காலம் மிகத் தொலைவில் இல்லை. ஆயின் 1934ஆம் ஆண்டின் இறுதியிலே எழுந்த கொள்ளைநோய் வறண்ட வலயத்தைக் காட்டிலும் மழைவளம் மிக்க தென்மேற்குப் பகுதியையே கொடிதாய்த் தாக்கியது. அவ்வாண்டு தென்மேற்குப் பருவமழை பொய்த்தது. களனி கங்கை, மகா ஓயா, தெதுறு ஓயா முதலிய ஆறுகள் ஓட்டங் குன்றி, மணற்படுகைகளிலே குட்டைகளாய்த் தேங்கின. தெளிந்த தேங்குநீரை விரும்பும் அனோபிலிசு கூலிசிபேசிசு என்னும் நுளம்பினம் அக்குட்டைகளிலே பெருகியது. நோய்க்குப் பழகாத உடம்பு ஒருபுறம், வறட்சியால் நேர்ந்த உணவுக் குறைவு மற்றொருபுறம். கேகாலைப் பகுதி பெருந்துன்பம் எய்தியது. ஏறத்தாழ 55 இலட்சம் மக்கள் வாழ்ந்த நாட்டிலே, சில மாதங்களுக்குள் ஏறக்குறைய 80,000 பேர் மாண்டனர். இளைஞர் பலர் குயினைனும் பாலுணவும் ஏந்திக் கிராமங்களுக்குச் சென்றனர். சூரியமல் இயக்கத்தார் ஆற்றிய தொண்டு அரசியல் வரலாற்றிலும் இடம்பெற்றுள்ளது. அத்துயரை மனத்திற் கொள்ளாது டி.டி.ரி.யைப் பற்றிப் பேசுதல் நேர்மையாகாது.

டி.டி.ரி. என்னும் சேர்வை 1874ஆம் ஆண்டிலேயே ஒத்மார் சைட்லர் என்னும் மாணவரால் ஆக்கப்பட்டது. அதன் பயனை அவர் அறிந்திலர். அறுபத்தைந்து ஆண்டுகள் கழிந்தபின், 1939இல், சுவிற்சர்லாந்திலே கைகி நிறுவனத்தைச் சார்ந்த போல் முல்லர் அதன் பூச்சிகொல்லும் ஆற்றலைக் கண்டார். 1943-44 குளிர்காலத்திலே நேப்பிள்சு நகரில் பேன்வழிப் பரவிய தைபசுக் காய்ச்சலை அடக்க அது துணைசெய்தது. முல்லருக்கு 1948இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு கிடைத்தது. அதன் தனிச்சிறப்பு யாதெனின், ஒருமுறை சுவரிலே சதுர மீற்றருக்கு ஒன்றிரண்டு கிராம் அளவாகத் தெளித்தால் மாதக்கணக்காக அங்கேயே தங்கியிருந்து, குருதி குடித்து இளைப்பாற அமரும் நுளம்பைக் கொல்லும் என்பதாம். தங்கியிருத்தலே அதன் நற்குணம். பின்னர் அதன் குற்றமாக எடுத்துரைக்கப்பட்டதும் அக்குணமே.

1946இலே ஆயிரவர்க்கு ஏறத்தாழ 20ஆக இருந்த நம் நாட்டு இறப்பு வீதம் 1947இலே 14 அளவுக்கு வீழ்ந்தது. ஓராண்டில் இத்தகைய வீழ்ச்சியை உலகம் அரிதாகவே கண்டிருந்தது. புகழ் முழுவதும் டி.டி.ரி.க்கே சூட்டப்பட்டது. அப்புகழை ஆராய்ச்சியாளர் பின்னர் நிறுத்துப் பார்த்தனர். போருக்குப் பின் நிகழ்ந்த இறப்புக் குறைவிலே 42 வீதம் மலேரியா ஒழிப்பினால் நேர்ந்தது என்றார் பீற்றர் நியூமன். ஆர். எச். கிறே அதனை 23 வீதம் என்று குறைத்துரைத்தார். மருந்து தெளிக்கப்படாத பகுதிகளிலும் இறப்பு வீழ்ந்ததைச் சுட்டி, உணவு, மருத்துவ வசதி ஆகியவற்றின் பங்கினை வற்புறுத்தியோரும் இருந்தனர். எவ்வாறாயினும், கல்லோயாத் திட்டம் முதலாக வறண்ட வலயத்திலே எழுந்த குடியேற்றங்கள் நுளம்பு அடங்கியிராவிடின் இத்துணை விரைவில் நிலைத்திரா என்பதை எவரும் மறுத்திலர்.

இனி, இவ்வரலாற்றின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். இப்பகுதியே உலகெங்கும் பிழைபடக் கூறப்படுவது. 1955இலே உலக சுகாதார தாபனம் மலேரியாவை உலகினின்றும் ஒழிக்க உறுதிபூண்டது. இலங்கையும் அம்முயற்சியிற் சேர்ந்தது. 1963ஆம் ஆண்டிலே நாடு முழுவதிலும் காணப்பட்ட மலேரியா நோயாளர் 17 பேரே. அவருள்ளும் பெரும்பாலோர் வெளிநாட்டிலிருந்து நோயைக் கொண்டு வந்தோர். 1964இலே மருந்து தெளித்தல் நிறுத்தப்பட்டது. 1967ஆம் ஆண்டின் பின் நோய் மீண்டது. மழை குன்றிய காலத்திலே ஆறுகள் முன்போற் குட்டைகளாயின. எலஹர போன்ற இடங்களிலே இரத்தினக்கல் தோண்டுவோர் வெட்டிய குழிகளில் நீர் தேங்கியது. நோயைக் கண்காணிக்கும் ஏற்பாடும் அதற்குள் தளர்ந்திருந்தது. 1969இலே நோயாளர் தொகை 5 இலட்சத்தைத் தாண்டிற்று.

அமெரிக்க எழுத்தாளர் இரேச்சல் கார்சன் 1962இலே வெளியிட்ட நூலினால் மேனாட்டார் அஞ்சி டி.டி.ரி.யைத் தடுத்தனர், அதனால் இலங்கை மக்கள் இலட்சக்கணக்கில் நோயுற்றனர் என்றொரு கதை நெடுங்காலமாக வழங்கி வருகிறது. அது கதையே. இலங்கையிலே தெளித்தல் நின்றது நூலைப் படித்தன்று. நோய் ஒழிந்தது என்னும் நம்பிக்கையும் செலவைச் சுருக்கும் எண்ணமுமே அதற்குக் காரணம். ஒழிப்புத் திட்டத்தின் விதிமுறையே அவ்வாறு அமைந்திருந்தது. ஐக்கிய அமெரிக்கா டி.டி.ரி.க்கு விதித்த தடையோ 1972இலேதான் வந்தது. நோய் மீண்டதும் இலங்கை அதே டி.டி.ரி.யைத் தடையின்றிப் பெற்று மீண்டும் தெளித்தது. ஆயின் இம்முறை நுளம்பு முன்போல் மடியவில்லை. அம்மருந்தைத் தாங்கி வாழும் நுளம்புகள் பெருகிவிட்டன. 1975இலே நோயாளர் மீண்டும் 4 இலட்சம் அளவினராயினர். 1977இலே மலத்தியோன் என்னும் வேறு மருந்து அதனிடத்தைப் பெற்றது. ஆகவே ஈழத்திலே டி.டி.ரி.யைத் தோற்கடித்தது நூலன்று, நுளம்பே.

எதிர்க்கட்சியாரும் குற்றமற்றவர் அல்லர். டி.டி.ரி. என்ற சொல்லைக் கேட்டவுடன் நஞ்சு என்றே கூறி, அது காத்த உயிர்களை ஒரு வரியிலே கடந்துபோவார் பலர். புகழ்வாரும் இகழ்வாரும் எண் இல்லாத இடத்திலே நின்றே பேசுகின்றனர். இலங்கையின் சூழலிலே அது எவ்வளவு சென்றது, எவ்வளவு எஞ்சியது என்ற அளவீடு ஆண்டுதோறும் நிகழ்ந்திருப்பின் இருசாராரின் குரலும் சற்றுத் தாழ்ந்திருக்கும்.

ஓர் எச்சரிக்கை நம் மலைநாட்டிலேயே தோன்றியதை இங்கே கூறுதல் தகும். தேயிலைச் செடியின் கொம்பைத் துளைக்கும் வண்டினைக் கொல்ல 1950களின் பிற்பகுதியிலே டீல்திரின் என்னும் மருந்து தெளிக்கப்பட்டது. இதுவும் டி.டி.ரி.யைப் போலக் குளோரின் செறிந்து நெடிது தங்குவதே. வண்டு குறைந்தது, ஆனால் தேயிலை இலையைச் சுருட்டித் தின்னும் புழுக்கள் பெருகின. அப்புழுக்களை அடக்குவதற்கென 1930களிலே சாவகத் தீவிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட சிறு குளவியினம் ஒன்று உண்டு. அது நன்கு பரவிப் பல்லாண்டுகளாகக் கூலியின்றி வேலை செய்துவந்தது. மருந்து அக்குளவியைக் கொன்றுவிட்டது. தேயிலை ஆராய்ச்சியாளர் இதனைக் கண்டறிந்து எழுதினர். பூச்சிகளை எண்ணிப் பார்க்கும் வழக்கம் அங்கே முன்னரே இருந்தமையாலேதான் இது புலப்பட்டது. எண்ணாத இடத்திலே என்ன நிகழ்ந்தது என்பதை இன்று யார் அறிவார்?

அளக்காமைக்கு அலட்சியம் மட்டுமே காரணமென்று கூறுதலும் பொருந்தாது. அளக்குங் கருவி அன்று இல்லை. 1945இலே வெளியான நிறமுறைச் சோதனையொன்றினால் டி.டி.ரி.யை ஓரளவு அறியலாம். அதற்கு அப்பொருள் கணிசமாக இருத்தல் வேண்டும். அவ்வாறிருந்தும் 1951இலேயே வாசிங்டன் நகரத் தாய்மாரின் பாலில் டி.டி.ரி. இருப்பது கண்டறியப்பட்டது. 1957இலே ஆங்கிலேயராகிய யேம்சு லவ்லொக் இலத்திரன்களைக் கவரும் பொருள்களைக் காட்டும் நுண்ணுணரியை அமைத்தார். குளோரின் செறிந்த சேர்வைகள் இலத்திரன்களை எளிதிற் கவர்வன. வாயுநிலையிலே கலவைகளைப் பிரிக்கும் கருவியின் நுனியிலே இவ்வுணரி பொருத்தப்பட்டபின், ஒரு கிராமின் இலட்சங்கோடியில் ஒரு பங்கு அளவையும் காண முடிந்தது. அதன்பின் தேடிய இடமெல்லாம் டி.டி.ரி. அகப்பட்டது, தென்துருவத்துப் பறவையின் கொழுப்பிலும் இருந்தது.

இக்கருவியின் வரலாற்றிலே சுவிடன் நாட்டு நிகழ்ச்சியொன்று வரலாற்று மாணவர்க்கு மிக உவப்பானது. சோரன் யென்சன் என்பார் மீன்களிலும் கழுகுகளிலும் டி.டி.ரி.யைத் தேடியபோது, கருவி வரைந்த கோட்டிலே பெயரறியாத முகடுகள் பல தோன்றின. அவை பூச்சிநாசினியால் வந்தனவோ என்று அறிய அவர் அரும்பொருளகத்திற்குச் சென்றார். அங்கே சேமித்து வைத்த கழுகின் இறகுகளை ஆண்டுவரிசையிலே சோதித்தார். 1944ஆம் ஆண்டின் இறகிலேயே அப்பொருள் இருந்தது. அக்காலத்தில் அந்நாட்டிலே டி.டி.ரி. பரவியிருக்கவில்லை. 1966இலே அவர் அதனை மின்மாற்றி எண்ணெய்களிற் கலக்கும் பல்குளோரோ இருபீனைல் என்று அறிவித்தார். ஆவணக் காப்பகத்திலே ஓலைச்சுவடியைப் புரட்டுவோன் செய்வதனையே யென்சன் இறகைக் கொண்டு செய்தார். யப்பானில் ஏகிமே பல்கலைக்கழகத்தார் 1960களிலிருந்து மீன், பறவை, கடல்விலங்கு ஆகியவற்றின் உடற்கூறுகளை உறைகுளிரிலே சேமித்து வருகின்றனர். நாற்பது ஆண்டுகளுக்கு முந்திய மீனை இன்றைய கருவியால் அவர்கள் அளக்கலாம். வளர்முக நாடுகளிலே இத்தகைய காப்பகங்கள் அரியன. இடையறா மின்சாரமும் இடையறா நிதியும் வேண்டுமாதலால், தொடங்குதல் எளிது, காத்தல் அரிது.

வெப்ப நாடுகளைப் பற்றிய நம்பத்தகுந்த அளவீடுகளுட் சில நமக்கு அண்மையிலிருந்தே கிடைத்துள்ளன. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பரங்கிப்பேட்டைக் கடலியல் ஆய்வாளரும் ஏகிமே பல்கலைக்கழகத்தைச் சார்ந்த தனபே, தட்சுகாவா முதலியோரும் 1980களின் பிற்பகுதியிலே வெள்ளாற்றுப் படுகையை ஆராய்ந்தனர். அக்காலத்திலே அப்பகுதி வயல்களில் எச்.சி.எச். என்னும் குளோரின் பூச்சிநாசினி மிகுதியாய்த் தூவப்பட்டு வந்தது. காற்று, நீர், சேறு மூன்றையும் மாதந்தோறும் எடுத்து அளந்தனர். வயலிலே இட்டது ஆற்றுவழியே கடலுக்குச் செல்லும் என்பதே எவரும் எதிர்பார்ப்பது. கண்டதோ வேறு. தூவியதிலே 99 வீதத்திற்கும் மேலானது ஆவியாகிக் காற்றிற் கலந்துவிட்டது; ஆறு கடலுக்குக் கொண்டு சென்றது ஒரு வீதத்திற்கும் குறைவே. நெல் வயலின் நீரும் நம் போன்ற நாடுகளின் வெயிலும் சேர்ந்து வாலையடுப்புப் போல் வேலை செய்கின்றன. குளிர்நாட்டு மண்ணிலே பல்லாண்டு கிடக்கும் நஞ்சு வெப்பநாட்டு மண்ணிலே சில மாதங்களிற் பாதியாகிவிடுவதும் இதனாலேயே.

மண்ணைவிட்டுப் போயிற்றென்று மகிழலாமோ எனின், போன இடத்தையும் பார்த்தல் வேண்டும். ஆவியாய் எழுந்தது குளிர்ந்த நாடுகளை அடையும்போது மீண்டும் படிகிறது. 1980களின் இறுதியிலே கனடாவின் கியூபெக் மாகாணத்தில் எரிக் தெவெய்லி என்பார் தாய்ப்பாலை ஆராய்ந்தார். தொழிற்சாலை இல்லாத வடகோடியில் வாழும் இனுயிற்றுத் தாய்மாரின் பால் தூயதாயிருக்கும், ஒப்புநோக்கப் பயன்படும் என எண்ணினார். அவர்தம் பாலிலே பல்குளோரோ இருபீனைல் தென்பகுதித் தாய்மாரின் பாலைவிட ஏறத்தாழ ஐந்து மடங்கு மிக்கிருந்தது. கடல்விலங்கின் கொழுப்பை உணவாகக் கொள்ளும் மக்கள் அவர்கள். ஒரு நாட்டார் தெளிப்பதை மற்றொரு நாட்டார் உண்ணும் நிலைமை இவ்வாறு எண்களாலே நிறுவப்பட்டது.

இவ்வெண்களே அரசுகளை ஒரு மேசைக்குக் கொண்டு வந்தன. 2001ஆம் ஆண்டு மே மாதத்திலே நிலைபேறான சேதன மாசுகள் பற்றிய சமவாயம் ஸ்ரொக்கோம் நகரிலே கைச்சாத்திடப்பட்டது. 2004இலே நடைமுறைக்கு வந்தது. இலங்கை 2005இலே அதனை ஏற்றுறுதி செய்தது. தொடக்கத்தில் 12ஆக இருந்த பொருள்களின் தொகை இப்பொழுது 30ஐத் தாண்டிவிட்டது. டி.டி.ரி. முற்றாக விலக்கப்படவில்லை, நோய் பரப்பும் பூச்சிகளை அடக்க, வேறு வழியில்லாத இடத்தில், அறிவித்துவிட்டுப் பயன்படுத்தலாம் என்னும் விதி உண்டு. 1934இன் துயரை அறிந்த நாட்டார் இவ்விதியின் நியாயத்தை எளிதில் உணர்வர். சமவாயத்தின் 16ஆம் உறுப்புரை அது பயன் தந்ததா என்பதை அளந்து காண வேண்டுமென்கிறது. அதற்கென அமைந்த உலகளாவிய கண்காணிப்புத் திட்டம் காற்று, தாய்ப்பால், மனிதக் குருதி என்பவற்றை முதன்மைப் பொருள்களாகக் கொண்டது; நீரிற் கரையும் புதிய மாசுகளுக்காக நீரும் பின்னர்ச் சேர்க்கப்பட்டது.

ஏட்டிலே எழுதுதல் எளிது. தையொட்சின் என்னும் மாசை அளக்கும் உயர்தரத் திணிவுமானி மிகுந்த விலையுடையது. விலை கொடுத்து வாங்கினாலும், அதற்கு வேண்டிய தூய கரைப்பான்களும் ஒப்புநோக்கு மாதிரிகளும் வெளிநாட்டிலிருந்து வரவேண்டும். மின்சாரம் தடைப்பட்டால் அந்நாளைய வேலை பழுதாகும். பயிற்சி பெற்ற இளைஞன் இரண்டாண்டில் வேறு நாட்டுக்குச் செல்வான். இதனால் வளர்முக நாடுகளின் மாதிரிகள் பல பொதியிடப்பட்டு ஐரோப்பாவுக்கும் யப்பானுக்கும் போகின்றன. எண்கள் நம்மைப் பற்றியவை, எழுதியவர் பிறர். இது முற்றிலும் தீதென்று கூறேன். வெள்ளாற்று ஆராய்ச்சியும் கூட்டு முயற்சியே. அங்கே மாதிரி எடுத்தோர் அவ்வாற்றை அறிந்தோராயிருந்தமை அதன் வலிமைகளுள் ஒன்று.

மேலும், எங்கே தேடுவது என்பதிலும் தெளிவு வேண்டும். யாழ்ப்பாணத்தாருக்குக் கிணற்றுநீரைப் பற்றிய கவலை இயல்பானது. சுண்ணக்கல்லின் ஊடே உரத்தின் நைத்திரேற்று இறங்குவது மெய். ஆயின் டி.டி.ரி. நீரில் ஏறக்குறையக் கரையாது. அது மண்துகளையும் கொழுப்பையும் பற்றிக்கொள்வது. ஆகவே கிணற்றுநீரைச் சோதித்து ஒன்றுமில்லை என்று ஆறுதல் கொள்வது, திருடனைக் கோயிலிலே தேடி ஊரிலே திருடனில்லை என்று அறிவிப்பது போலாம். முட்டையிலும், கொழுப்புள்ள மீனிலும், தாய்ப்பாலிலும் தேடல் வேண்டும். தேடும்போது மற்றொன்றும் தெரியவரும். டி.டி.ரி. சூழலிலே சிதைந்து டி.டி.ஈ. என்னும் பொருளாகிறது. டி.டி.ஈ. மிக்கிருந்தால் அது பழைய எச்சம், மாறாத டி.டி.ரி. மிக்கிருந்தால் யாரோ அண்மையிற் பயன்படுத்தியுள்ளனர். தடைவிதித்த நாட்டிலே இவ்விகிதம் சாட்சி சொல்லும்.

இழந்த ஆண்டுகளின் கணக்கை மீட்க ஒருவழி நம் குளங்களிலேயே உண்டென்பது என் கருத்து. குளத்தின் அடியிலே ஆண்டுதோறும் சேறு படிகிறது. குழாயை இறக்கிச் சேற்றுத்தூணை எடுத்து, ஈயம்-210, சீசியம்-137 என்னும் கதிரியக்கப் பொருள்களால் அதன் அடுக்குகளுக்கு ஆண்டு குறிக்கலாம். வேறு நாட்டு ஏரிகளிலே டி.டி.ரி.யின் எழுச்சியும் வீழ்ச்சியும் இவ்வாறே வாசிக்கப்பட்டுள்ளன. கோடையில் வற்றி மாடு மிதிக்கும் சிறுகுளங்கள் இதற்கு உதவா, அடுக்கு கலைந்துவிடும். ஆழ்ந்து வற்றாத பெருங்குளங்களையே தேர்தல் வேண்டும். 1946ஆம் ஆண்டு எழுதப்படாத ஏடு அச்சேற்றிலே ஒருவேளை கிடைக்கலாம்.

2012ஆம் ஆண்டு அக்டோபர் மாதத்திற்குப் பின் உள்நாட்டிலே நுளம்பினாற் பரவிய மலேரியா இலங்கையிற் காணப்படாமையால், 2016ஆம் ஆண்டு செப்டெம்பரிலே உலக சுகாதார தாபனம் நம் நாட்டை மலேரியா அற்றதென அறிவித்தது. அவ்வெற்றி டி.டி.ரி. இன்றியே, நோயாளரை ஒவ்வொருவராய்த் தேடிக் கண்டு மருந்தளித்தும், வேறு பூச்சிநாசினிகளையும் நுளம்புவலைகளையும் பயன்படுத்தியும் பெறப்பட்டது. அதே ஆண்டின் இறுதியிலே மன்னார்த் தீவில் அனோபிலிசு ஸ்ரெபென்சி என்னும் புதிய நுளம்பினம் கண்டுபிடிக்கப்பட்டது. அது இந்திய நகரங்களிலே மலேரியாவைப் பரப்புவது. ஆற்றுக் குட்டையை நாடாது கிணற்றிலும் நீர்த்தொட்டியிலும் பெருகுவது. பின்னர் யாழ்ப்பாணத்துக் கிணறுகளிலும் அதன் புழுக்கள் காணப்பட்டன; வழக்கமான பூச்சிநாசினிகள் பலவற்றைத் தாங்கும் ஆற்றலும் அதற்கு உண்டென ஆய்வாளர் அறிவித்துள்ளனர். அதனை அடக்க எம்மருந்து தெளிக்கப்பட வேண்டியிருப்பினும், முதல் வீட்டின் சுவர் நனையுமுன் அவ்வூரின் மண்ணையும் முட்டையையும் எடுத்து வைப்பதற்குச் சில போத்தல்களும் ஓர் உறைகுளிர்ப் பெட்டியும் வேண்டும்.